கணக்குப்பிள்ளையைக் காவலுக்கு வைத்த கதை

"நம்ம கம்ப்யூட்டருக்கு வெளியில தெரியற மாதிரி அட்ரஸே கிடையாது. அப்புறம் எவன் உள்ள வருவான்?"

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எந்தச் சின்ன ஆபீஸிலும் கேட்கக் கிடைக்கும் வசனம் இது. கலசப்பாக்கம் தாலுகா ஆபீஸைச் சுற்றியுள்ள ஆன்லைன் சேவைக் கடையானாலும் சரி, ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதும் ஆபீஸானாலும் சரி, பதில் ஒன்றுதான். சொல்பவர் மேல் பெரிய குற்றமில்லை. கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அவர் படித்த இடத்தில் அப்படிச் சொன்னார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதை 2006-லேயே விண்டோஸில் இருந்த ஒரு சின்ன ஓட்டை காட்டிக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் யாரும் திருந்தவில்லை என்பதுதான் புகார்.

முதலில் அந்த "வெளியில தெரியாத அட்ரஸ்" என்ன என்று பார்த்துவிடலாம்.

இன்டர்நெட்டில் பேச வேண்டுமென்றால் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். இது போதாது என்று 1990-களின் தொடக்கத்திலேயே புரிந்துவிட்டது. அதனால் 1994-ல் ஒரு தற்காலிக ஏற்பாடு முன்வைக்கப்பட்டது. ஓர் ஆபீஸுக்கு ஒரே ஒரு வெளி முகவரி. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண்கள். நடுவில் ஒரு கருவி நின்றுகொண்டு, வெளியே போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதும். யார் எதை எங்கே அனுப்பினார்கள் என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். இதற்குப் பெயர் முகவரி மாற்றம், சுருக்கமாக நேட்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய வேலைதான். இது ஒரு பேரேடு. போனது எது, வந்தது எது, யார் கணக்கில் வரவு என்று பதியும் புத்தகம். அந்தப் புத்தகத்தை எழுதுகிற கணக்குப்பிள்ளைதான் நேட்.

பேரேட்டில் இல்லாத பொட்டலம் ஒன்று வெளியிலிருந்து வந்தால் என்ன ஆகும்? யாருக்குக் கொடுப்பது என்று கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது. தூக்கிப் போட்டுவிடுவார். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் "நேட் இருந்தால் பாதுகாப்பு" என்ற பேச்சு வந்தது. கணக்கில் இல்லாத சரக்கை இறக்கிக்கொள்ள மறுக்கிற குமாஸ்தா, அந்த மறுப்பினாலேயே காவல்காரர் ஆகிவிடுவாரா? அவர் திருடனை அடையாளம் கண்டு தடுக்கவில்லை. விலாசம் தெரியாததால் திருப்பி அனுப்புகிறார், அவ்வளவுதான். விலாசம் சரியாக எழுதியிருந்தால் வெடிகுண்டையும் கையெழுத்துப் போட்டு வாங்கி மேஜையில் வைப்பார். அது அவர் வேலை.

இனி 2006-க்கு வருவோம்.

பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் 2005-ல் வந்த பிறகு சின்ன ஊர்களிலும் ப்ரௌசிங் சென்டர்கள் பெருகின. ஒரு இணைப்பு, ஐந்தாறு கம்ப்யூட்டர். தனியாக ரூட்டர் வாங்கக் காசில்லாதவர்களுக்கு விண்டோஸே ஒரு வழி வைத்திருந்தது. இணைப்பைப் பகிரும் வசதி, ஐ.சி.எஸ். என்று பெயர். 1999-ல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்போடு வந்தது. முதலாளி உட்காரும் கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு மாட்டி, ஒரு டிக் போட்டால் போதும். அதே கம்ப்யூட்டர் பில் போடும், கணக்கு எழுதும், மற்ற கம்ப்யூட்டர்களுக்கு நெட்டும் பங்கிட்டுக் கொடுக்கும்.

2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலைத் தானாகவே இயக்கி வைத்தது. நல்ல காரியம். ஆனால் அந்த ஃபயர்வாலையும் இணைப்பைப் பகிரும் ஐ.சி.எஸ்.ஸையும் ஒரே சர்வீஸாகக் கட்டி வைத்திருந்தார்கள். எக்ஸ்.பி.யில் சர்வீஸ் பட்டியலைத் திறந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், இரண்டு பெயரும் ஒரே வரியில் இருக்கும். கணக்குப்பிள்ளைக்கும் காவல்காரருக்கும் ஒரே நாற்காலி.

2006 அக்டோபர் கடைசியில் ஒரு ஓட்டை வெளியானது, தாக்கும் நிரலோடு சேர்த்து. ஐ.சி.எஸ். ஓடும் கம்ப்யூட்டர், உள்ளே இருப்பவர்களுக்காக இணையதளப் பெயர்களைத் தேடித் தரும் வேலையையும் செய்யும். அதாவது டி.என்.எஸ். வினவலை வாங்கி வெளியே அனுப்பும். அந்த வினவலை ஒருவன் கோணலாக எழுதி அனுப்பினால், முகவரி மாற்றத்துக்குத் துணை நிற்கும் கோப்பு இல்லாத நினைவிடத்தைப் படிக்கப் போய் அப்படியே விழுந்துவிடும். விழும்போது அது ஓடிக்கொண்டிருந்த சர்வீஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பிறகு யாருக்கும் நெட் வராது. அது போகட்டும், நெட் நின்றால் கடைக்காரருக்குத் தெரியும். தெரியாமல் போவது இன்னொன்று. அதே சர்வீஸில் இருந்த ஃபயர்வாலும் போய்விட்டது.

ஒரே ஒரு பொட்டலம். கடவுச்சொல் தேவையில்லை, யாரும் எதையும் க்ளிக் செய்யத் தேவையில்லை.

புரோகிராம் எழுதும்போது தவறு வருவது சகஜம். ஒரு வரியில் சரிபார்க்க மறந்துவிட்டார்கள் என்றால் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது அந்தக் கட்டுமானம். பி.காம். ஆடிட்டிங் பாடத்தில் இன்டர்னல் செக் என்று ஒன்று சொல்லித் தருகிறார்கள். பணம் வாங்குகிறவரே பேரேடு எழுதக் கூடாது. பேரேடு எழுதுகிறவரே சாவியை வைத்திருக்கக் கூடாது. ஒருவர் தவறினால், அல்லது ஒருவரைச் சாய்த்துவிட்டால், இன்னொருவர் நிற்க வேண்டும். ஒரு மளிகைக் கடைக்குக்கூடச் சொல்லித் தரும் இந்தச் சங்கதியை உலகத்திலேயே அதிகம் விற்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வாசலில் மறந்துவிட்டார்கள். மறந்ததைச் சுட்டிக்காட்டியபோது வந்த சமாதானங்கள்தான் இன்னும் மோசம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், ஏனென்றால் இன்றைக்கும் அதே சமாதானங்கள்தான் ஓடுகின்றன.

முதல் சமாதானம்: "உள்ளே இருக்கிறவனால்தான் தாக்க முடியும், வெளியிலிருந்து முடியாது."

மைக்ரோசாஃப்ட் அன்று சொன்னதன் சாரமும் இதுதான். ஐ.சி.எஸ். போட்டிருப்பவர்களுக்கு மட்டும்தான் பாதிப்பு, தாக்குபவன் அதே உள் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்பது. உண்மைதான். ஆனால் "உள்ளே" என்றால் யார்? பெரிய கம்பெனியில் உள்ளே இருப்பவர் ஐ.டி. கார்டு போட்ட ஊழியர். ப்ரௌசிங் சென்டரில் உள்ளே இருப்பவர், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்த யாரோ ஒருவர். இன்றைய ஆன்லைன் சேவைக் கடையில் உள்ளே இருப்பது யார்? பென்டிரைவ் நீட்டுகிற ஒவ்வொரு வாடிக்கையாளரும், வைஃபை பாஸ்வேர்ட் கேட்டு வாங்கிக்கொள்ளும் பக்கத்துக் கடைப் பையனும், அவன் போனில் இருக்கும் பெயர் தெரியாத ஆப்பும்தான். சின்ன ஊரில் உள்ளே வெளியே என்ற கோடே கிடையாது. இல்லாத கோட்டின் மேல் பாதுகாப்பைக் கட்டிவிட்டு, "கோட்டைத் தாண்டினால்தான் ஆபத்து" என்று சொல்வது சமாதானமா?

உள்ளே புகுந்த பிறகு என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக மூன்று பொய்ப் பணமாற்றங்கள் நடந்தன. மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். ஒன்றை உடனே தடுத்துவிட்டார்கள். அது விண்டோஸ் ஐ.சி.எஸ். ஓட்டையால் நடந்தது அல்ல, அப்படிச் சொல்லவும் கூடாது. கவனிக்க வேண்டியது முறையை. பணம் போன செய்திக்கு ஒப்புதல் அச்சாகும் பிரின்டரை முதலில் செயலிழக்க வைத்திருந்தார்கள். அதாவது பதிவு செய்கிறவரை முதலில் சாய்ப்பது. மறுநாள் கணக்கைச் சரிகட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காப்பாற்றியது ரூட்டரும் அல்ல, மறைந்திருக்கும் முகவரியும் அல்ல. வேறொரு கை, வேறொரு புத்தகத்தை வைத்துச் சரிபார்த்ததுதான் காப்பாற்றியது.

2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் மறுப்பு வந்தது. மறுநாள் அக்டோபர் 30 அன்று அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. அங்கே உலையை இயக்கும் நெட்வொர்க் தனி, நிர்வாக நெட்வொர்க் தனி என்று பிரித்து வைத்திருந்ததால் பேச்சு அதோடு முடிந்தது. பிரித்து வைப்பதன் அருமை அதுதான். கடைத்தெருவில் யார் பிரித்து வைத்திருக்கிறார்கள்?

இரண்டாவது சமாதானம்: "எக்ஸ்.பி. செத்துப்போச்சு, இதெல்லாம் பழைய கதை."

எக்ஸ்.பி.க்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. ஐ.சி.எஸ். முடியவில்லை. இன்றைய விண்டோஸிலும் அது இருக்கிறது. லேப்டாப்பில் மொபைல் ஹாட்ஸ்பாட் என்ற பொத்தானைத் தட்டும்போது பின்னால் ஓடுவது அந்தப் பரம்பரைதான். உள்ளே இணைபவர்களுக்கு 192.168.137 என்று முகவரி வந்தால் அதுதான் அடையாளம்.

அந்தப் பரம்பரையில் 2023 செப்டம்பரில் ஓர் ஓட்டையை அடைத்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் இன்னும் இரண்டு. மூன்றுமே "மிக அபாயகரம்" என்று மைக்ரோசாஃப்டே வகைப்படுத்தியவை. 2006-ல் கோணல் பொட்டலம் சர்வீஸைச் சாய்க்க மட்டும்தான் செய்தது. 2023-ல் அதே வாசலில், தாக்குபவன் தன் நிரலையே உள்ளே ஓட்டிவிடும் அளவுக்கு ஓட்டை. கூடவே வந்த விளக்கம் என்ன தெரியுமா? தாக்குபவன் அதே நெட்வொர்க் பகுதியில் இருக்க வேண்டும் என்பது. பதினேழு வருஷம் ஆனது, வாக்கியம் மாறவில்லை.

விண்டோஸை மட்டும் திட்டிப் பயனில்லை. முகவரி மாற்றத்தைக் காவலாக நம்பியவர்கள் எல்லா இடத்திலும் அடி வாங்கியிருக்கிறார்கள். 2008 ஜூலையில் டான் காமின்ஸ்கி கண்டுபிடித்த டி.என்.எஸ். குறை உலகத்தையே உலுக்கியது. அதற்கு மருந்தாக, ஒவ்வொரு வினவலும் ஊகிக்க முடியாத போர்ட் எண்ணிலிருந்து கிளம்பும்படி செய்தார்கள். சர்வர்களை எல்லாம் சரிசெய்து முடித்தால், நடுவில் நின்ற பல நேட் கருவிகள் அந்த எண்களை அழித்துவிட்டு, 1, 2, 3 என்று வரிசையாகத் திருப்பி எழுதி வெளியே அனுப்பின. மருந்தைக் கொட்டிவிட்டுப் பாட்டிலை மட்டும் கொடுத்த கதை. கணக்குப்பிள்ளைக்கு வரிசை எண் பிடிக்கும், அவர் என்ன செய்வார்!

2020 அக்டோபர் 31 அன்று சாமி காம்கர் இன்னொன்றைக் காட்டினார். இன்டர்நெட் போன் அழைப்புகள் தடைபடாமல் இருக்க, பல ரூட்டர்களின் நேட், பொட்டலத்துக்குள் இருக்கும் செய்தியையும் படித்துப் பார்த்து, தேவையான கதவைத் தானே திறந்துவிடும். அந்த உதவும் குணத்தைப் பயன்படுத்தி, ஒருவர் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே போதும், அவருடைய கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து நேரே வழி கிடைத்துவிடும்படி செய்துகாட்டினார். மூன்று மாதம் கழித்து அதே உத்தியை நீட்டி, உள்ளே இருக்கும் மற்றக் கருவிகளையும் எட்ட முடியும் என்று காட்டினார்கள். ப்ரௌசர் கம்பெனிகள் சில போர்ட்டுகளை அடைத்துச் சமாளித்தன. "வெளியில தெரியாத அட்ரஸ்" எங்கே போனது? கணக்குப்பிள்ளையிடம் பாஷை தெரிந்தவன் பேசினால் அவரே கதவைத் திறந்துவிடுகிறார்.

மூன்றாவது சமாதானம்: "கலசப்பாக்கத்துக்கு எவன் வந்து ஹேக் பண்ணப் போறான்?"

ஆள் வரத் தேவையில்லை. 2017 மே 12 அன்று கிளம்பிய வானாக்ரை புழு ஊர் பார்த்து வரவில்லை. எண் முகவரிகளைக் கண்டபடி தட்டிப் பார்த்தது, எங்கே திறந்ததோ அங்கே நுழைந்தது. ஆந்திர போலீஸின் கம்ப்யூட்டர்களும், கேரளத்தில் வயநாடு போன்ற இடங்களில் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் மாட்டின. பஞ்சாயத்து ஆபீஸை எந்த ஹேக்கர் தேர்ந்தெடுத்திருப்பான்? நேட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் நேரடியான தட்டலிலிருந்து தப்பினார்கள், அந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நோய் பிடித்த ஒரே ஒரு லேப்டாப் உள்ளே வந்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் அத்தனை கம்ப்யூட்டரையும் அதே புழு தட்டும். அப்போது நேட் வேடிக்கை பார்க்கும். அடைக்கும் மருந்து அந்த வருஷம் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. திருட்டு விண்டோஸ் போட்டுவிட்டு, அப்டேட் வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று அதை அணைத்து வைக்கும் பழக்கம் இந்த ஊர்ப்பக்கம் இல்லையென்று யாராவது நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

இதில் போவது யாருடைய பொருள் என்பதுதான் கோபத்தின் காரணம். ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் வந்த பிறகு, சின்னச் சின்னப் பட்டு வியாபாரிகளின் யூசர் நேம், பாஸ்வேர்ட் எல்லாம் கணக்கு எழுதுபவரின் ஒரே எக்செல் ஷீட்டில் குடியிருப்பது சாதாரணம். ஆன்லைன் சேவைக் கடையின் கம்ப்யூட்டரில் ஆதார், சாதிச் சான்றிதழ், பட்டா, பாஸ்புக் முதல் பக்கம் என்று ஊர்ச்சனத்தின் ஜாதகமே ஸ்கேன் ஆகிக் கிடக்கிறது. பாதுகாப்பைப் பற்றி முடிவெடுப்பவர் கடைக்காரர். இழப்பவர், தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவர். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. சைபர் சம்பவம் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று. தாளில் அழகாக இருக்கிறது. விண்டோஸ் ஃபயர்வாலின் பதிவேடோ இயல்பிலேயே அணைந்துதான் இருக்கிறது. யாராவது போய் இயக்கினால்தான் எழுதும். வவுச்சரே இல்லாத கடைக்கு ஆடிட்டர் வந்து என்ன செய்வார்? தெரிந்தால்தானே 6 மணி நேரத்தில் சொல்ல?

இன்னொரு ஆபத்தும் வாசலில் நிற்கிறது. ஜியோ வந்த 2016-க்குப் பிறகு இந்தியாவில் ஐ.பி. ஆறாம் பதிப்பு வேகமாகப் பரவியிருக்கிறது. அதில் முகவரிப் பஞ்சமே கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் உலகறிந்த சொந்த முகவரி கொடுக்கலாம், நேட் தேவையில்லை. "வெளியில தெரியாத அட்ரஸ்தான் காவல்" என்று நம்பியவர்களுக்கு அன்றைக்குக் காவலும் கிடையாது, கணக்குப்பிள்ளையும் கிடையாது. உண்மையான ஃபயர்வால் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எந்த மாற்றமும் தெரியாது.

சரி, என்னதான் செய்வது? செலவு அதிகமில்லை. இன்டர்னல் செக் பாடத்தை அப்படியே போட்டால் போதும்.

நெட்டைப் பங்கிடும் வேலையைக் கணக்கு எழுதும் கம்ப்யூட்டரிடம் கொடுக்கக் கூடாது. அதற்குத் தனியாக ஒரு ரூட்டர், அந்த ரூட்டருக்குத் தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றிய ஒரு சொந்த பாஸ்வேர்ட். கேட்காமலேயே கதவைத் திறந்துவிடும் யு.பி.என்.பி. வசதி அணைந்திருக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் ஐ.சி.எஸ்.ஸும் ஹாட்ஸ்பாட்டும் அணைந்திருக்க வேண்டும். வாடிக்கையாளருக்குத் தரும் வைஃபை வேறு, பில் போடும் நெட்வொர்க் வேறு. இப்போது வரும் சாதாரண ரூட்டர்களிலேயே விருந்தினர் வைஃபை என்று தனியாக இருக்கிறது. ரூட்டரில் ஃபயர்வால் இருந்தாலும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அதன் சொந்த ஃபயர்வால் ஓட வேண்டும், அதன் பதிவேடு எழுதப்பட வேண்டும். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்.பி.யை 2014-க்குப் பிறகும் இழுத்தடித்தது போல இதையும் இழுத்தடித்தால் அடுத்த ஓட்டைக்கு மருந்து வராது.

மாட்டிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நேட் இருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்வதை நிறுத்த வேண்டும். தெரியாமல் சொன்னால் அது அரைகுறைப் படிப்பு. தெரிந்தும் ஃபயர்வாலை அமைக்கும் அரை மணி நேர வேலையை மிச்சம் பிடிக்கச் சொன்னால், அது ஏமாற்று.

ஒரு கம்பெனியின் கேஷியரையே ஆடிட்டராகவும் போட்டு அறிக்கை கொடுத்தால் பி.காம். முதல் வருஷப் பையன்கூடச் சிரிப்பான். கம்ப்யூட்டர் வாசலில் அதே வேலையைச் செய்துவிட்டு, இருபது வருஷமாக யாரும் சிரிக்கவில்லை. அடுத்த முறை கடையில் ஆதார் கார்டை ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது, "இந்த கம்ப்யூட்டர்ல இருந்துதான் மத்ததுக்கெல்லாம் நெட் போகுதா அண்ணே?" என்று ஒரு கேள்வி கேட்டால் தப்பில்லை. "ஆமாம்" என்று பதில் வந்தால், கார்டை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடக்கலாம். நாலு பேர் நடந்தால் ரூட்டர் தானாக வரும்.